திருகோணமலையில் வீடு எடுக்கப் போகிறவர்களுக்கு: களவு, பயம், பாதுகாப்பு பற்றிய கேள்வி பதில்

பட்டினமும் சூழலும் பிரிவில் கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களில் கதிரை தேயத் தேய இருந்திருக்கிறேன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன், பொலிஸ்காரன் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வருகிறேன் ஐயா, இரண்டு சின்னப் பிள்ளைகள். உவர்மலையில் வாடகை கூட, பாலையூற்றில் குறைவு. உவர்மலைதான் பயமில்லை என்கிறார்கள், உண்மையா?

இடத்தின் பேரைக் கேட்டு வீடு எடுக்காதீர்கள், ஒழுங்கையைப் பார்த்து எடுங்கள். உவர்மலை அமைதியான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வாடகைக்கு இருப்பவர்களில் நிறையப் பேர் உங்களைப் போல வெளிமாவட்ட உத்தியோகத்தர்கள், வெள்ளி பின்னேரம் பஸ் ஏறினால் ஞாயிறு இரவுதான் வீடு திறக்கும், அதோடு வெளிநாட்டுக்குப் போய்விட்ட நம் ஆக்களின் பூட்டின வீடுகள் வேறு. கள்ளனுக்கு வேறென்ன வேணும்? பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கம் நெருக்கமான ஒழுங்கைகளில் புது ஆள் கால் வைத்தால் மூன்று வாசலில் இருந்து "ஆரைத் தேடுறீங்கள்" என்று கேட்பார்கள். தொல்லையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து கேற்றைத் தட்டும்போது பார்க்கப் போவதும் அதே ஆக்கள்தான்.

வீட்டைப் பகலில் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு தடவை இரவு எட்டு மணிக்குப் போங்கள். தெரு விளக்கு எரிகிறதா, பக்கத்தில் பற்றை வளர்ந்த காணி இருக்கிறதா, பின்மதிலில் ஏறினால் யார் வளவுக்குள் இறங்கலாம் என்று பாருங்கள். குளியலறை மேல்யன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள், எல்லாரும் முன்கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டு அதை மறந்துவிடுவார்கள். அப்புறம் சந்திக் கடையில் ஒரு சோடா குடித்துக்கொண்டு கதை கொடுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததைக் கடைக்காரர் சொல்லுவார்.

கேள்வி: நான் கனடாவில். மனையாவெளியில் அப்பாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. தண்ணி மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சிசிடிவி போடலாமா அண்ணை?

போடலாம், ஆனால் கரண்ட் பில் கட்டாமல் வெட்டினால் கமராவும் சேர்ந்து கண்ணை மூடும். பூட்டின வீட்டில் களவு படிப்படியாகத்தான் நடக்கும். முதலில் பைப் தலை, பிறகு மோட்டர், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை என்றால் செம்பு வயருக்காகச் சுவரையே கிளறுவார்கள். எல்லாம் பழைய இரும்புக்குப் போகிற சாமான். வாடகை குறைந்தாலும் பரவாயில்லை, எழுத்து உடன்படிக்கையோடு ஒரு குடும்பத்தை இருத்துங்கள். அது சரிவராவிட்டால் ஒருவரைப் பிடித்து மாதம் ஒருக்கால் வளவைக் கூட்டச் சொல்லுங்கள். கேற்றுக்குள் குவிந்த சருகுதான் ஆளில்லை என்பதை ரோட்டில் போகிறவனுக்கும் காட்டிக் கொடுக்கும்.

கேள்வி: விடியப்புறம் கோயிலுக்குப் போகும் அம்மாவின் சங்கிலிக்குப் பயமாக இருக்கிறது.

வலப்பக்கமாக நடக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் அப்போது வருகிறவன் முன்னுக்குத் தெரிவான், பின்னால் வந்து இழுப்பது கஷ்டம். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து விலாசம் கேட்டால் நின்று பதில் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. சிவராத்திரியோடு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வீட்டுச் சனம் முழுக்க நிறைகுடம் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும், குசினிக் கதவு ஆவென்று திறந்து கிடக்கும். சாமி உங்கள் வாசலுக்கு வரும் நேரம் கள்ளனுக்கும் தெரியும். பின்கதவைப் பூட்டிவிட்டுக் கும்பிடுங்கள்.

கேள்வி: பொலிஸில் என்ட்ரி (முறைப்பாடு) போட்டு என்ன பிரயோசனம்? கண்டுபிடிக்கப் போவதில்லையே. போனால் சிங்களத்தில்தான் எழுதுகிறார்கள்.

சாமான் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். களவு போன உங்கள் மோட்டார் சைக்கிளில் போய் ஒருவன் சங்கிலி அறுத்தால் பொலிஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு, அப்போது கைகொடுப்பது அந்த என்ட்ரிதான். அடையாள அட்டை தொலைந்தாலும் புதிது எடுக்கப் பொலிஸ் அறிக்கை வேணும், இன்சூரன்ஸ்காரனும் கேட்பான். போன் என்றால் ஐஎம்இஐ இலக்கம், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கம், கொடுக்க வேணும், இப்போதே நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அடித்து இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதோடு, ஒரு ஒழுங்கையில் பத்துக் களவு நடந்து ஒரு என்ட்ரியும் இல்லையென்றால் பொலிஸ் கணக்கில் அது களவே இல்லாத ஒழுங்கை, பிறகு இரவு ரோந்து வரவில்லை என்று கூட்டத்தில் கத்தி என்ன பலன்?

மொழி விசயத்தில் உங்கள் கோபம் நியாயம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத எழுத்துக்குக் கீழே கையெழுத்து வைக்காதீர்கள், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை இருக்கிறேன் என்று வாங்கில் இருந்துவிடுங்கள். எந்த நிலையத்துக்குப் போவது என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். தலைமையகம், துறைமுகம், உப்புவெளி, சீனக்குடா என்று எல்லை பிரியும். அவசரம் என்றால் 119.

கேள்வி: எந்த இனத்து ஆக்கள் உள்ள பகுதி நல்லது?

இதற்குப் பதில் இல்லை. மோட்டர் கழற்றுகிறவன் இனம் பார்த்துக் கழற்றுவதில்லை.

கேள்வி: ஐஸ், தூள் என்று போதைப்பொருள் பற்றிக் கதைக்கிறார்கள். பதினாறு வயது மகன் இரவு டியூஷன் முடிந்து வருகிறான்.

சின்னச் சின்னக் களவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வீட்டில் விளக்கு, காஸ் சிலிண்டர் காணாமல் போனால் வெளியே மட்டும் தேடாதீர்கள். "இதைக் கொண்டுபோய்க் கொடு" என்று யாரும் தரும் பொட்டலத்தை வாங்கக் கூடாது என்று மகனுக்குப் பச்சையாகச் சொல்லுங்கள். போதைப்பொருள் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டில் இரவில் மனிசியை அடிக்கிற சத்தம். தலையிடலாமா?

தலையிடுங்கள். கேற்றில் தட்டிச் சீனி கேட்டாலே அந்த நேரத்து அடி நிற்கும். 119க்கும் சொல்லலாம், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கும். "குடும்ப விசயம்" என்று விலகுகிற ஒழுங்கையைப் பாதுகாப்பான ஒழுங்கை என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 2006க்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. பின்னேரம் கடற்கரையில் இருக்கலாமா?

2006 தை 2ஆம் திகதி அந்தக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. அந்தப் பயமும் இந்தக் களவுப் பயமும் வேறு வேறு, முதலாவதற்கு நியாயம் இன்னும் கிடைக்கவில்லை. இன்றைக்குப் பின்னேரங்களில் அங்கே குடும்பம் குடும்பமாக இருந்து கடலை கொறிக்கிறார்கள். தாராளமாகப் போங்கள், செருப்பையும் போனையும் மணலில் விட்டுவிட்டுக் குளிக்க மட்டும் இறங்காதீர்கள்.

கேள்வி: நாய் வளர்த்தால் போதாதா?

பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் என்றால் போதாது. இரவிரவாக ரோட்டில் மான் திரியும், நாய் மானுக்கும் குரைக்கும், இரண்டு கிழமையில் நீங்கள் எழும்பிப் பார்ப்பதை விட்டுவிடுவீர்கள். கேற்றில் சின்ன மணி கட்டுங்கள்.