மின்சாரம் இல்லாத இருட்டான இடங்களில் விளையாடுவதற்கு ஏற்ற கையடக்க விளக்கை எப்படி வடிவமைப்பது?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். பாலத்தடி, பூங்கா, கடற்கரை, முகாம் என்று கரண்ட் கம்பமே இல்லாத இடங்களுக்குக் கையில் எடுத்துப் போகிற விளக்கு வேண்டும், அதை வைத்து விளையாடவும் முடிய வேண்டும், ஆனால் தேடினால் வருவதெல்லாம் ஒரே மாதிரி சோலார் லாந்தர்தான் என்கிறீர்கள். கல்லூரியில் டிசைன் படிக்கிறீர்கள், இது செமஸ்டர் ப்ராஜெக்ட் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் பரவாயில்லை, பதில் மாறாது.

நான் டிசைன் படித்தவன் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு பட்டுக்கோட்டைப் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. கஜா புயலுக்குப் பிறகு நான் செய்தது இதே வேலைதான், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சோறு வடிக்க, பாம்பு இருக்கிறதா என்று பார்க்க, பாடம் படிக்க ஒரு விளக்கு வேண்டும். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும், ஓர் இடத்தில் நின்று எரிய வேண்டும். விளையாட வேறு விளக்கு வேண்டும். அதற்கு வெளிச்சம் கொஞ்சம் போதும், கையோடு ஆட வேண்டும், ஆட்டினால், சுற்றினால், கவிழ்த்தால் அதற்குத் தக்கபடி ஏதாவது மாற வேண்டும். சுற்றிலும் இருட்டு இருந்தால்தான் அந்த விளையாட்டே நடக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைக்கப் பார்ப்பதால்தான் எல்லாம் லாந்தராகவே போய் முடிகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியது. தென்னை போனது ஊருக்கே தெரியும். அதோடு டெல்டா முழுக்க மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் சாய்ந்துவிட்டன, எங்கள் பக்கம் கரண்ட் திரும்பி வர டிசம்பர் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் முகாம். பகலில் ஜெனரேட்டரில் போன் சார்ஜ் போட வரிசை, இரவில் மெழுகுவத்தி. பெரியவர்களுக்கு ஆயிரம் கவலை, பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு மேல் செய்ய ஒன்றுமே இல்லை, பாதிப் பேர் பயந்துபோய் அம்மா மடியை விட்டு இறங்கவே இல்லை. அந்த நேரத்தில் நவம்பர் 23 கார்த்திகை வந்தது, புயல் அடித்து ஒரு வாரம்தான். முகாமில் இருந்த ஒரு பெரியம்மா என்னிடம், “ஏன் தம்பி, இந்த வருஷம் புள்ளைங்க மாவளி சுத்தலையா?” என்று கேட்டார்.

மாவளி தெரியாதவர்களுக்கு: ஆண் பனையின் பூக்கதிரைக் காய வைத்து, குழியில் போட்டுச் சுட்டு மூடி, கரியானதும் இடித்துத் தூளாக்குவோம். அந்தத் தூளைத் துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டி, மூன்றாகக் கீறிய பனை மட்டைக்கு நடுவே வைத்து இறுக்கி, கயிறு கட்டி, நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே சுற்றினால் பொறிப் பொறியாகத் தங்க வட்டம் வரும். மின்சாரம் இல்லாத இடத்துக்கான விளையாட்டு விளக்கு என்று நீங்கள் கேட்டது நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. விளக்கு நகர வேண்டும், அது வரைகிற கோடுதான் காட்சி, சுற்றுகிறவனுக்கு எவ்வளவு சந்தோஷமோ பார்க்கிறவனுக்கும் அவ்வளவு சந்தோஷம். வெளிநாட்டுப் படங்களைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

ஆனால் அந்த வருடம் முகாமைச் சுற்றித் தார்ப்பாய், காய்ந்த தென்னை மட்டை, கூரைக் கீற்று. பொறி பறந்தால் அவ்வளவுதான். அதனால் கடையில் தண்ணீர் படாமல் மிஞ்சிய சரக்கை வைத்து நெருப்பில்லாத மாவளி செய்தேன்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், விஷயம் இதில்தான் இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை வெளிப்பக்கம் முழுக்க உப்புத்தாளால் தேயுங்கள். கண்ணாடி மாதிரி இருந்தது மங்கிப் பால் நிறமாகும், உள்ளே இருக்கிற எல்இடியின் ஊசி வெளிச்சம் பாட்டில் முழுக்கப் பரவும். இதைச் செய்யாவிட்டால் கண் கூசும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு கூர்மையான வெள்ளை ஒளி பட்டால் ஒரு நொடியில் அது போய்விடும், அப்புறம் பிள்ளை எதன் மேலாவது முட்டிக்கொள்ளும். உள்ளே இரண்டு வார்ம் வைட் எல்இடி, இரண்டு தானே நிறம் மாறும் எல்இடி. மின்சாரத்துக்கு மூன்று ஏஏ நிக்கல் (NiMH) ரீசார்ஜ் செல், மொத்தம் 3.6 வோல்ட். மின்னோட்டத்தை அளவாக வைக்க ஒவ்வொரு எல்இடிக்கும் தனியாக 56 ஓம் ரெசிஸ்டர். எல்இடி சராசரியாகப் பத்து மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், பொட்டல் இருட்டில் அது தாராளம். நான்கும் சேர்ந்து நாற்பது என்று வைத்தால் 2000 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு ஐம்பது மணி நேரம் வரும்.

நிறம் மாறுகிற இரண்டையும் டில்ட் ஸ்விட்ச் வழியாகக் கொடுங்கள். விரல் நகம் அளவுகூட இல்லாத சின்ன டப்பா அது, உள்ளே இரண்டு உலோகக் குண்டு உருளும், கம்பிக் கால்கள் இருக்கிற பக்கம் கீழே சாய்ந்தால் தொடர்பு விழும். அந்தக் கால் பக்கம் பாட்டிலின் அடியைப் பார்த்து இருக்கட்டும். பாட்டிலை மூடிமேல் தலைகீழாக நிறுத்தினால் கலர் அணையும், கயிற்றில் தொங்கவிட்டால் எரியும், தூக்கிப் போட்டுப் பிடித்தால் குண்டு குதித்து மினுக்கும். நான் செய்து கொடுத்தபோது பிள்ளைகளுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. ஒரு பெண் குழந்தை அதைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தானே கண்டுபிடித்து மற்றவர்களுக்குக் காட்டியது. விளையாட்டு விளக்கு என்றால் எனக்கு அதுதான் அளவுகோல், சொல்லிக்கொடுக்காமல் பிடிபட வேண்டும்.

சுற்றுவதற்கு என்று செய்யும்போது பாரத்தைக் கணக்கில் எடுங்கள். அறுபது சென்டிமீட்டர் கயிற்றில் நொடிக்கு இரண்டு சுற்று என்றால் உள்ளே இருக்கிற பொருள் தன் எடையைப் போல் சுமார் பத்து மடங்கு வெளியே இழுக்கும். மூன்று செல்லின் எடை ஏறக்குறைய எண்பது கிராம், சுற்றும்போது அது முக்கால் கிலோவுக்கு மேல் தொங்குகிற மாதிரி. செல் ஹோல்டரை நெடுக்காக வைத்தால் ஸ்பிரிங் அமுங்கி எதிர்முனையில் தொடர்பு விட்டுப்போகும், சுற்றச் சுற்ற விளக்கு அணையும். குறுக்காக வைத்து, செல்கள் மேலே நழுவாதபடி டேப் போட்டு இறுக்குங்கள். கயிறு மீனவர்கள் கடையில் கிடைக்கிற தடித்த நைலான். கைப்பிடிக்கும் கயிற்றுக்கும் நடுவே தூண்டிலுக்குப் போடுகிற ஸ்விவல் (தானே சுழலும் இணைப்பு வளையம்) ஒன்று, இல்லாவிட்டால் கயிறு முறுக்கிக்கொள்ளும். பாட்டிலைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டுங்கள், யார் மேலாவது பட்டாலும் அடி பலமாக இருக்காது. மெதுவாகச் சுற்றினால் வில் மாதிரி ஒரு துண்டு ஒளிதான் தெரியும், வேகம் கூடக்கூட வட்டம் மூடும். அந்த வட்டத்தை மூடவைக்கப் பசங்க போட்ட போட்டியில் முகாம் வாசலே நிறைந்துவிட்டது, பெரியம்மாவும் ஒரு தடவை வாங்கிச் சுற்றினார்.

சார்ஜுக்கு 6 வோல்ட் 1 வாட் சோலார் தகடு ஒன்று, இரவில் மின்சாரம் திரும்பி ஓடாமல் இருக்க ஒரு டயோடு, 1என்5819 போதும். தகடு நல்ல வெயிலிலும் 160, 170 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. அது செல்லின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, நிக்கல் செல் தாங்கிக்கொள்ளும், தனியாக சார்ஜ் சர்க்யூட் தேவையில்லை. லித்தியம் போட்டால் இப்படி நேரடியாகக் கொடுக்கக் கூடாது, பாதுகாப்பு சர்க்யூட் கட்டாயம். பிள்ளைகள் கீழே போட்டு உதைக்கிற பொருளில் நான் லித்தியம் போடுவதில்லை. எடை குறைவு, சக்தி அதிகம் என்று யாராவது கமெண்டில் வருவார்கள், எனக்கும் தெரியும், இருந்தாலும் போடமாட்டேன்.

இதைப் படித்துவிட்டு “மாவளியையும் பிளாஸ்டிக் ஆக்கிட்டான்” என்று சொல்லப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு கார்த்திகைக்கும் பனம்பூ மாவளிதான் சுற்றுகிறோம், கரி நான்தான் இடிக்கிறேன். புயல் அடித்த ஊரில், தார்ப்பாய்க்கு நடுவில், நெருப்பு வைக்க முடியாத வருடத்தில் செய்தது அது. இரண்டுக்கும் இடம் உண்டு.

வெளிநாட்டில் பிறர் செய்ததையும் பாருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. 2006இல் நியூயார்க்கில் கிராஃபிட்டி ரிசர்ச் லேப் என்ற குழு ஒரு எல்இடியின் இரண்டு காலுக்கு நடுவே சிஆர்2032 நாணய செல்லைச் செருகி, ஒரு காந்தத்தைச் சேர்த்து டேப் ஒட்டி, இரும்புச் சுவர்கள் மேல் வீசி ஒட்டவைத்தது. எல்இடி த்ரோயீஸ் என்று பெயர். செல்லின் உள்தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் ரெசிஸ்டர்கூட வேண்டாம், யோசனை அபாரம், வீசுவதே விளையாட்டு. ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நாணய செல்லை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலை நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்ளும். 2012இல் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர், ஃபிரெடரிக் ஆட்டசன் என்ற பொறியாளரோடு சேர்ந்து லிட்டில் சன் என்று சூரியப்பூ வடிவத்தில் சோலார் விளக்கு செய்தார், கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். பிள்ளை அதைப் பார்த்தவுடன் கையில் எடுக்கும், வடிவத்தில் அந்த ஆசையைக் கொண்டுவருவதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை என்றாலும். பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி என்றால் முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு அப்பா கடைக்கு வருவார், பையன் பைக்கிலேயே உட்கார்ந்திருப்பான். “அண்ணே, நாளைக்குக் காலையில ப்ராஜெக்ட் வேணும், ரெடியா என்ன இருக்கு?” பையனை உள்ளே அழைத்து, நீயே சால்டர் பண்ணு, அரை மணி நேரம்தான், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. காசு கொடுக்கிறேனே, செய்து கொடுக்க வேண்டியதுதானே என்கிறார். மறுநாள் அதே பொருளுக்குப் பரிசும் கிடைக்கிறது, மேடையில் அது எப்படி எரிகிறது என்று யாரும் பையனிடம் கேட்பதில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு இருக்கிற வேலை தெரியும். ஆனால் முகாமில் என் பக்கத்தில் உட்கார்ந்து டேப் ஒட்டிய பிள்ளைகளில் ஒருவன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான், லீவுக்கு வந்தால் கடைக்கு வருகிறான். பரிசு வாங்கிய வீட்டுப் பிள்ளைகள் யாரும் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எதைச் செய்தாலும் ஸ்க்ரூ போட்டு மூடுங்கள், பசை போட்டு அடைக்காதீர்கள். நிவாரணத்தில் வந்த சோலார் விளக்குகள் அடுத்த வருடமே மூட்டையாக என் கடைக்கு வந்தன. பாதிக்கு மேல் செல் மட்டும்தான் போயிருந்தது, ஆனால் திறக்கவே வழியில்லை, உடைத்தால்தான் திறக்கும். கொடுத்தவர்கள் மனது நல்ல மனதுதான், அதில் சந்தேகமில்லை. செய்தவர்கள்தான் இதை யோசித்திருக்க வேண்டும். ஏஏ அளவு ரீசார்ஜ் செல் என்றால் திறந்து மாற்றிவிடலாம்.

நிறத்தைக் குளிர் வெள்ளைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். 6500 கெல்வின் குளிர் வெள்ளையில் நீலம் அதிகம், மழை பெய்து ஓய்ந்த இரவில் ஈசல் மொய்த்துப் பிள்ளைகள் விளக்கைப் போட்டுவிட்டு ஓடும். 2700, 3000 கெல்வினில் தொல்லை குறைவு, முகமும் பார்க்க நன்றாக இருக்கும்.

கடற்கரை என்று எழுதியிருப்பதால் கடைசியாக இதையும் சேர்க்கிறேன். சென்னைக் கரையில் ஜனவரி தொடங்கி, ‘பங்குனி ஆமை’ என்று சொல்கிற ஆலிவ் ரிட்லி கடலாமைகள் முட்டையிட வரும், அப்புறம் குஞ்சுகள் வெளியே வரும். குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்து ஊர்ந்து போகும், உங்கள் விளக்கு கரைப் பக்கம் எரிந்தால் ரோட்டுக்கு வந்துவிடும். பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள், அவர்களிடம் கேட்காமல் அந்த மாதங்களில் கரையில் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். சோதனையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், விளக்கைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சர்க்யூட் படம் வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், கையால் வரைந்து போடுகிறேன்.