கேளுங்கள்: "ரெண்டரை வயசாச்சு, இன்னும் பேசலையே!"

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. பத்து வார்த்தைதான் பேசுகிறான். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான், பொறு" என்கிறார் மாமியார். பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. 2 வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், "பால் தா" போல இரண்டைச் சேர்ப்பதும் வந்திருக்க வேண்டும். முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. சில ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தையும் திரும்பும். தூங்கும்போது செய்யும், கேட்கும் திறனை அளக்கும் பெரா (BERA) பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கவனிக்கும் DEIC மையம்) பேச்சுப் பயிற்சியாளரைப் பற்றியும் விசாரியுங்கள். சொன்ன வார்த்தைகளை மறந்துவிட்டாலோ, பெயர் சொன்னால் பாராவிட்டாலோ, ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில்: பிஸ்கெட்டை அவன் பார்க்கும்படி, ஆனால் எட்டாத இடத்தில் வையுங்கள். கைகாட்டியதும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "பிஸ்கெட்டா, பழமா?" என்று கேட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பெரும்பாலோர் தவறுவது இந்தக் காத்திருப்பில்தான். இரண்டு நொடியில் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். "பி" என்றாலும் உடனே கொடுங்கள். அவன் "கார்" என்றால் நீங்கள் "சிவப்புக் கார்" என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லுங்கள். "சொல்லு, சொல்லு" என்று விருந்தினர் முன் கேட்காதீர்கள், வாயை மூடிக்கொள்வான். சாப்பாட்டு நேரத்தில் செல்போன் கூடவே கூடாது.

கேள்வி: வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். ஒன்றை நிறுத்தலாமா?

பதில்: தேவையில்லை. இருமொழி பேச்சுத் தாமதத்தை உண்டாக்காது. உங்களுக்குச் சரளமான மொழியிலேயே பேசுங்கள்.