சுவரும் போரும்

அன்புள்ள சார்,

அர்மாண்டோ இயானுச்சி இயக்கிய ‘இன் தி லூப்’ (2009) படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்தேன். படம் முடிந்தபோது எரிச்சலாக இருந்தது. லட்சம் பேருக்கு மேல் செத்த ஒரு போரின் முன்கதையைக் கெட்ட வார்த்தையும் கேலியுமாக எடுப்பது சரியா? இன்னொன்று, பிரிட்டிஷ் பிரதமரையும் அமெரிக்க ஜனாதிபதியையும் கடைசிவரை காட்டவே இல்லை. எல்லாப் பழியும் பிரதமரின் செய்தித் தொடர்பு அதிகாரி மால்கம் டக்கர் தலையில் விழுகிறது. இயக்குநர் பெரிய தலைகளைத் தப்பவிட்டுவிட்டாரோ?

சு.

அன்புள்ள சு.,

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

படத்தில் எந்த நாட்டின் மேல் போர் என்று சொல்வதில்லை. ஆனால் அது இராக்தான் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். இராக் போரில் பிரிட்டன் இறங்கியதை விசாரித்த சில்காட் குழுவின் அறிக்கை 2016இல் வெளியானது. அதோடு அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷுக்கு எழுதிய ஒரு குறிப்பும் வெளியே வந்தது. தேதி 2002 ஜூலை 28. போருக்கு ஏறக்குறைய எட்டு மாதம் முன்பு. அதன் முதல் வரி: ‘எதுவானாலும் நான் உங்களோடு இருப்பேன்.’ இந்தக் குறிப்பு வெளியே வருவதற்கு ஏழு வருடம் முன்பே இயானுச்சி படத்தை எடுத்துவிட்டார். ஆனாலும் அந்த வரியின் நிழலில்தான் படம் முழுக்க நடக்கிறது. மேலே முடிவு எடுத்தாயிற்று. இனி அங்கே காட்ட ஒன்றுமில்லை. கீழே இருப்பவர்கள் அந்த முடிவுக்குப் பொருத்தமான சொற்களைத் தேடி அலைகிறார்கள், அவ்வளவுதான் கதை.

நம் மொழியில் ‘சப்பைக்கட்டு கட்டுவது’ என்கிறோம். அது காரியம் கெட்ட பிறகு கட்டுவது. மால்கமின் தொழில் அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. சைமன் ஃபோஸ்டர் என்ற அமைச்சர் வானொலிப் பேட்டியில் போர் ‘முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்று’ என்று உளறுகிறார். மால்கம் பாய்கிறான். போர் வரும் என்றும் சொல்லக் கூடாது, வராது என்றும் சொல்லக் கூடாது. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு ரகளை! அப்புறம் ஓர் இளம் அதிகாரி போருக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் வாதங்களை அடுக்கி எழுதிய அறிக்கை கைக்குக் கிடைக்கிறது. பாதகமானவற்றை மட்டும் வெட்டி எறிகிறார்கள். மிச்சம் உளவுத் தகவலாகிவிடுகிறது.

இது மிகை என்று நினைத்தீர்களானால், 2003 பிப்ரவரியில் பிளேர் அரசு இராக் பற்றி வெளியிட்ட ஆவணத்தைத் தேடிப் பாருங்கள். ஓர் ஆராய்ச்சி மாணவரின் கட்டுரையிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து, அவர் பெயரைச் சொல்லாமலே போட்டிருந்தார்கள். எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்தவில்லை. ஆனால் சில சொற்களை மட்டும் கவனமாக மாற்றினார்கள். பகை நாடுகளிலுள்ள ‘எதிர்ப்புக் குழுக்களுக்கு’ இராக் உளவுத்துறை உதவுகிறது என்று மாணவர் எழுதியது, ‘பயங்கரவாத அமைப்புகளுக்கு’ ஆதரவு தருகிறது என்று ஆகிவிட்டது. காற்புள்ளியைத் திருத்த நேரமில்லாதவர்களுக்கு இதற்கு நேரம் இருந்திருக்கிறது.

சரி, மால்கம். லண்டனில் அவன் புலி. வாஷிங்டனில் அவனுக்கு விளக்கம் சொல்ல 22 வயதுப் பையன் ஒருவனை அனுப்புகிறார்கள். வயதைக் கேட்டதும், மால்கமாக நடிக்கும் பீட்டர் கபால்டியின் முகம் போகிற போக்கைப் பாருங்கள். பிறகு ஐ.நா. கட்டடத்தில் லின்டன் பார்விக் என்ற அமெரிக்க அதிகாரி அவனைக் கிள்ளுக்கீரையாக நடத்திவிட்டுப் போகிறார். தனியாக நிற்கும் மால்கமிடம் ஒரு கணம் வசவே இல்லை. அந்தக் காட்சிக்காகவே படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். இரவல் அதிகாரம் அது, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். அவமானப்பட்டவன் அதற்குப் பிறகுதான் அறிக்கையை வெட்டுகிற அந்த மோசமான வேலையைச் செய்து முடிக்கிறான். அவனை நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வில்லன் என்ற நாற்காலி அவனுக்குக் கொஞ்சம் பெரியது.

கேலி தகுமா என்று கேட்டீர்கள். ஜேம்ஸ் காண்டொல்ஃபினி நடித்த தளபதி ஒரு விருந்தின் நடுவே குழந்தையின் படுக்கையறையில் உட்கார்ந்து, விளையாட்டுக் கணிப்பானில் படைவீரர் எண்ணிக்கையைக் கூட்டுகிறாரே, அதை நினைத்துப் பாருங்கள். 12,000 பேர் போதாது என்கிறார். ஏனென்றால் சாகப்போகிறவர்களே அத்தனை பேர், போர் முடியும்போது கொஞ்சம் பேராவது மிச்சம் இருந்தால்தானே ஜெயித்த மாதிரி இருக்கும். நான் அங்கே சிரித்தேன், சிரித்ததற்காகக் கூசினேன். கண்ணீரோடு எடுத்த போர்ப் படங்கள் எதிலும் இந்தக் கூச்சம் எனக்கு வந்ததில்லை.

உங்கள் எரிச்சலுக்குக் காரணம் அந்தச் சுவராகவும் இருக்கலாம். சைமனின் தொகுதியில் ஒரு கிழவியின் தோட்டத்தில் சுவர் சரிகிறது. போரை எதிர்த்து மானத்தோடு பதவி விலகலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சுவரைச் சாக்காக வைத்து அவரைத் தூக்கிவிடுகிறார்கள். இவ்வளவு அற்பமாகவா என்று தோன்றும். 2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க் கோபுரங்கள் தாக்கப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே, ஒரு பிரிட்டிஷ் அமைச்சரின் ஆலோசகர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நாம் புதைக்க நினைக்கிற செய்திகளை வெளியிட இன்று மிக நல்ல நாள் என்று அதில் எழுதியிருந்தார். எதைப் புதைக்கலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார்: உள்ளாட்சி உறுப்பினர்களின் படிக்காசு.