ஆல் இன் ஒன்னா, டெஸ்க்டாப்பும் மானிட்டருமா: பணம் கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே நான்கு சிறு பின்னலாடை நிறுவனங்களுக்கு டாலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கலுக்கான விவரங்களையும் தயார் செய்து தருகிறேன். மாதம் 28,000 ரூபாய் கிடைக்கிறது. பழைய கம்ப்யூட்டர் இனி தாங்காது. திரைக்குள்ளேயே கம்ப்யூட்டரும் அடங்கிய 24 அங்குல ஆல் இன் ஒன் 62,000 ரூபாய் என்றும், கிரெடிட் கார்டில் 12 மாத ‘வட்டியில்லா’ தவணை உண்டு என்றும், மொத்தமாகக் கொடுத்தால் 2,500 ரூபாய் குறைப்பதாகவும் கடையில் சொல்கிறார்கள். அதே திறனுள்ள டெஸ்க்டாப் 44,000, 24 அங்குல மானிட்டர் 10,500, கீபோர்டு, மவுஸ், வெப்கேமரா 3,300 என்று தனித்தனியாக வாங்கினால் 57,800 ரூபாய் ஆகிறது. ஹாலில் மூன்றடி மேஜைதான் இருக்கிறது; வயர் தொங்காமல் இருக்கட்டும் என்று கணவர் ஆல் இன் ஒன்னைச் சொல்கிறார். வங்கியில் 1,40,000 ரூபாய் இருக்கிறது. எதை, எப்படி வாங்கலாம்?

பதில்: டெஸ்க்டாப்பையும் மானிட்டரையும் தனித்தனியாக, தவணை இல்லாமல், கையிருப்பிலிருந்தே வாங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன், அது நீங்கள் எதிர்பார்க்கும் விலை வித்தியாசம் அல்ல.

மொத்தமாகப் பணம் கொடுத்தால் ஆல் இன் ஒன் 59,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்படியானால் இரண்டுக்கும் இன்றைய வித்தியாசம் வெறும் 1,700 ரூபாய்தான். பத்து ஆண்டுக் கணக்காகப் பார்ப்போம். கம்ப்யூட்டரின் ஆயுளை ஐந்து ஆண்டு என்றும், நல்ல மானிட்டரின் ஆயுளைப் பத்து ஆண்டு என்றும் வைத்துக்கொண்டு, விலையேற்றத்தை ஒதுக்கிவிட்டால், ஆல் இன் ஒன்னை இரண்டு முறை வாங்க 1,19,000 ரூபாய் ஆகும். தனித்தனி வழியில் ஆறாம் ஆண்டில் டெஸ்க்டாப்பை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் 1,01,800 ரூபாயில் முடிந்துவிடும். மிச்சம் 17,200 ரூபாய், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய 143 ரூபாய். இதிலும் மின்சாரம் கொஞ்சம் தின்னும். ஆல் இன் ஒன்னுக்குள் இருப்பவை பெரும்பாலும் லேப்டாப் வகைப் பாகங்கள் என்பதால் அது 30, 35 வாட் குறைவாகவே இழுக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் ஏழு யூனிட், ஐம்பது ரூபாய்க்குள். ஆக, கடைசியில் நிற்பது தொண்ணூறு ரூபாய்ச் சொச்சம். இந்தத் தொகைக்காக மட்டும் உங்கள் கணவரின் விருப்பத்தை மறுக்கச் சொல்ல மாட்டேன்.

நான் கவலைப்படுவது சராசரிச் செலவைப் பற்றியல்ல, மாதத்தின் 19-ஆம் தேதியைப் பற்றி. விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதி, வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி என்று மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனங்களின் தேதிகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த வாரத்தில் திரை போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

எங்கள் அலுவலகத்தில் 2017-இல் ஒரு ஆல் இன் ஒன் வாங்கினோம். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. நான்காம் ஆண்டில் ஒரு காலை, திரையின் வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. தொகை வரும் இடத்தை மறைக்கிறதே என்று டாலியின் பக்கத்தைச் சுருக்கி வைத்து இரண்டு வாரம் ஓட்டினோம். பிறகு அது நான்கு கோடுகளாகி, பாதித் திரை கறுத்துவிட்டது. உள்ளே கம்ப்யூட்டர் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் திரையை மட்டும் மாற்ற, 43,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளுக்கு 19,500 ரூபாய் கேட்டார்கள். நல்லவேளையாகப் பின்புறம் எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தது. பரணிலிருந்த பழைய 19 அங்குல மானிட்டரை எடுத்து அதன் முன்னால் வைத்தோம். கறுத்த பெரிய திரைக்கு முன்னால் சின்னத் திரை, ஒரே மேஜையில் இரண்டு. இடத்தை மிச்சப்படுத்த வாங்கியதன் லட்சணம் அது.

அதன் கதை அத்தோடும் முடியவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எங்களுடையதில் இருந்தது ஏழாம் தலைமுறை. ஒருவேளை திரை கெடாமல் இருந்திருந்தால் அப்போது நல்ல திரையையும் சேர்த்தே ஓரங்கட்டியிருப்போம், ஏனென்றால் பெரும்பாலான ஆல் இன் ஒன்களில் எச்டிஎம்ஐ உள்ளீடு கிடையாது. அவற்றை வேறொரு கம்ப்யூட்டருக்கு மானிட்டராகப் பயன்படுத்த முடியாது. நீண்ட ஆயுளுள்ள பொருளைக் குறைந்த ஆயுளுள்ள பொருளோடு ஒட்டி விற்கிறார்கள் என்பதே இதில் என் மனத்தாங்கல். அந்த 19 அங்குல மானிட்டரோ இன்றும் எங்கள் வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தனித்தனியாக வைத்திருந்தால் 19-ஆம் தேதி இரவு மானிட்டர் போனாலும் ஹாலில் உள்ள டிவியில் எச்டிஎம்ஐ வயரைச் செருகிவிட்டு வேலையை முடித்துவிடலாம். சிபியு போனால், கழற்றித் தெருமுனைக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். பவர் சப்ளையோ ரேமோ எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆல் இன் ஒன்னின் மதர்போர்டு அந்த மாடலுக்கென்றே செய்தது, அந்த நிறுவனத்திடம்தான் போக வேண்டும். உங்கள் வருமானம் நான்கு வாடிக்கையாளர்களை நம்பியிருக்கிறது. ஒருவருக்குத் தாக்கல் தாமதமாகி, அபராதம் கட்டி, அவர் வேறு ஆளைத் தேடிப் போனால் போவது மாதம் ஏழாயிரம் ரூபாய்.

மேஜைக் குறைக்கு வழி இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய மினி பிசிக்கும் கடையில் விலை கேளுங்கள். மானிட்டரின் பின்னால் திருகும் துளைகள் இருந்தால் அங்கேயே மாட்டிவிடலாம். வயரும் வெளியே தெரியாது, மின்சாரமும் ஆல் இன் ஒன் அளவுக்கே இழுக்கும். பெரும்பாலான மாடல்களில் ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றிக்கொள்ள முடியும், பிராசஸரை மாற்ற முடியாது. டாலி, எக்செல், ஜிஎஸ்டி தளம் ஆகியவற்றுக்கு அது தாராளம். எட்டு ஜிபி போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் 16 ஜிபி ரேம் கேளுங்கள்.

இனி தவணை. வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. வட்டிக்குச் சமமான தொகையை முன்னதாகத் தள்ளுபடி போலக் கழித்துவிட்டு, வங்கி வழக்கம்போல வட்டி போடும். ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்றால் 62,000 ரூபாய்த் தவணைக்குள் ஏறக்குறைய 4,750 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கும். கிரெடிட் கார்டு என்பதால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 850 ரூபாய்க்கு மேல் உங்கள் தலையில் விழும். செயலாக்கக் கட்டணம் இருநூறு, முந்நூறு ரூபாய். இழந்த 2,500 ரூபாய்த் தள்ளுபடியையும் சேர்த்தால் ‘வட்டியில்லா’ தவணையின் விலை 3,600 ரூபாய் வருகிறது. வெப்கேமராவும் கீபோர்டும் மவுஸும் அந்தப் பணத்தில் வந்துவிடும்.

வரிச் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரென்றால், விலையில் அடங்கிய 18 சதவீத வரியைத் திரும்பப் பெற வழியில்லை. கம்ப்யூட்டருக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டென்பது உண்மைதான்; ஆனால் உங்கள் ஆண்டு வருமானம் 3,36,000 ரூபாய். புதிய வரித்திட்டத்தில் 2025-26 நிதியாண்டு முதல் நான்கு லட்சம் வரை வரியே இல்லாதபோது, தேய்மானத்தைக் கழித்து மிச்சப்படுத்த ஒன்றுமில்லை.

எதை வாங்கினாலும் 600 விஏ யுபிஎஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பாகங்கள் இருப்பதால் பேட்டரியும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான ஆல் இன் ஒன்னில் அது கிடையாது. வவுச்சர் பதியும்போது மின்சாரம் போய், டாலி டேட்டா கெட்டு, மீண்டும் உட்கார்ந்து பதிந்த அனுபவம் உங்களுக்கே இருக்கலாம்.

மருத்துவரின் கிளினிக் வரவேற்பிலோ நகைக்கடைக் கல்லாவிலோ வைப்பதற்காக ஒருவர் கேட்டிருந்தால், மூன்று ஆண்டு வாரண்டியோடு ஆல் இன் ஒன்னை வாங்கச் சொல்லியிருப்பேன். அங்கே அழகுக்கு ஒரு மதிப்பு உண்டு, பக்கத்திலேயே இன்னொரு கம்ப்யூட்டரும் இருக்கும். உங்களிடம் இருக்கப்போவது ஒன்றே ஒன்றுதான்.

யுபிஎஸ்ஸையும் சேர்த்துக் கட்டிய பிறகு வங்கியில் எண்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். அதை அவசரத் தேவைக்கென்று விட்டுவிடுங்கள். அடுத்த மாதமே 750 ரூபாய்க்கு ஐந்து ஆண்டுத் தொடர் வைப்பு ஒன்றைத் தபால் நிலையத்தில் தொடங்குங்கள். போடும் பணம் மட்டுமே 45,000 ரூபாய் ஆகும், வட்டி தனி. ஆறாம் ஆண்டில் டெஸ்க்டாப்பை மாற்றும்போது சேமிப்பில் கை வைக்க வேண்டியிருக்காது.