யூரிக் ஆசிட் நார்மல், கட்டைவிரல் மட்டும் வீக்கம்: ஸ்கேன் தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். போன வாரம் நடுராத்திரியில் வலது கால் கட்டைவிரல் மூட்டு வீங்கிச் சிவந்துவிட்டது, போர்வை பட்டால்கூடத் துடிக்கிறார். மறுநாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 6.2, நார்மல் என்றார்கள். எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. இப்போது அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அது வயிற்றுக்குப் பார்ப்பதுதானே? இதற்காகக் கோயம்புத்தூர் வரை இறங்கணுமா?

பதில்: எடுத்துவிடுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கி நார்மலாகக் காட்டுவது உண்டு, அதனால் அந்த 6.2-ஐ வைத்துக் கவுட் (யூரிக் ஆசிட் உப்பாக மாறி மூட்டில் படிவதால் வரும் வாதம்) இல்லை என்று சொல்லவே முடியாது. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு அரித்த பிறகுதான் தெரியும், அதற்குப் பல வருடம் ஆகும்.

ஸ்கேனில் என்ன தெரியும் என்றால், எலும்பு ஒரு வெள்ளைக் கோடு, அதன் மேல் குருத்தெலும்பு கறுப்பாக ஒரு பட்டை. கவுட் இருந்தால் அந்தக் கறுப்புப் பட்டையின் மேல்பக்கமும் யூரேட் உப்பு (அந்த யூரிக் ஆசிட் உப்புதான்), ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படிகிற மாதிரிப் படிந்து, இன்னொரு வெள்ளைக் கோடாகத் தெரியும். 2015-இல் வந்த, கவுட்டுக்கான சர்வதேச வகைப்பாட்டு விதிகளிலேயே இந்த இரட்டைக் கோட்டுக்கு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் முதல் தடவை வலி வந்தவர்களுக்கு இது தெரியாமலும் போகலாம், அதனால் வலிக்காத இடது கட்டைவிரலையும் இரண்டு முழங்கால்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சில சமயம் அங்கே மாட்டும்.

எல்லா ஸ்கேன் சென்டரிலும் மூட்டு பார்க்க மாட்டார்கள். குன்னூரிலோ ஊட்டியிலோ முதலில் போன் போட்டு, சின்ன மூட்டு பார்ப்பீர்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் மட்டும் கீழே இறங்கினால் போதும்.

ஸ்கேனிலும் சந்தேகம் தீரவில்லையா, அதைப் பார்த்துக்கொண்டே மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் ஊசி ஊசியான உப்புத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முடிவான சோதனை. ஒன்று ரொம்ப முக்கியம்: காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம், அப்போது ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அப்புறம், மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போட விடாதீர்கள், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று தெரியாமல் அது கிட்னிக்கு ஆபத்து. அப்பா பிபி மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அந்த அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள், நீர் பிரிய வைக்கும் சில மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும், ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.