ரீச்சரைக் கேளுங்கள்: பொங்கலுக்கு வரமுடியாத பிள்ளைகள்

தை பிறக்கப்போகிறது. வீட்டை விட்டுத் தூரத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி வந்த மூன்று கடிதங்களை இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறேன்.

கேள்வி: ரீச்சர், நான் மொறட்டுவையில் தகவல் தொழினுட்பம் படிக்கிறேன். தூர இடத்தில் படிக்கும் பிள்ளைகள் பண்டிகை நாளில் வீட்டாரோடு சேர்ந்திருக்க உதவும் ஒரு செயலியை இறுதியாண்டு வேலையாகச் செய்ய விருப்பம். "வட்ஸ்அப் வீடியோ இருக்கிறதே, பிறகு இது எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்லலாம்?
— மாணவர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, அந்த நண்பர்களைத் தைப்பொங்கல் விடியலில் உங்கள் வீட்டு முற்றத்துக்குக் கூட்டிவந்து காட்டுங்கள். சூரியன் ஆறரையை ஒட்டி வரும். அதற்கு முன்னமே முற்றம் மெழுகி, மாக்கோலம் போட்டு, மூன்று கல்லின் மேல் பானை ஏறியிருக்கும். அம்மாவின் கையில் அரிசிச் சுளகு. அப்பா அடுப்புக்குள் விறகு தள்ளுகிறார். தம்பி வெடிக்கட்டோடு நிற்கிறான். அந்த நேரத்தில் போனைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? பிடிக்கிற ஆளுக்குப் பொங்கல் இல்லாமல் போகிறது. என் மகள் மெல்பேர்ணில் படிக்கிறாள். இங்கே பால் பொங்கும்போது அங்கே நண்பகல். முன்பெல்லாம் "அம்மா, வானமும் மாமாவின்ர தோளும்தான் தெரியுது" என்பாள்.

இன்னொரு சிக்கல் சத்தம். அழைப்புச் செயலிகள் மனிதக் குரலைத் தெளிவாக்குவதற்காக மற்றச் சத்தங்களை இரைச்சல் என்று எடுத்து அமுக்கிவிடுகின்றன. சாமியறை மணி, வெடி, பால் பொங்கி நெருப்பில் விழும் சீறல் எல்லாம் அந்தக் கணக்கில்தான் போகின்றன. பிள்ளை கேட்க ஏங்குவது அதைத்தான். சூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தெரிவைப் போட்டால் இந்த அமுக்கம் நிற்கும், இசைக்காரருக்காக வைத்தது. நீங்கள் செய்யும் செயலியில் பண்டிகை நாளுக்கு இது தானாகவே அப்படி இருக்கவேண்டும். அம்மம்மாவை செட்டிங்ஸுக்குள் அனுப்பக்கூடாது.

சேர்ந்து தேவாரம் பாடுவது அழைப்பில் சரிவராது. ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் போய்ச்சேர 150 மில்லிவிநாடிக்குள் எடுத்தால் பேச்சுக்குப் போதும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. ஒன்றாகப் பாடுவதற்கு அது மிக அதிகம். கடல் கடந்த அழைப்பில், அதுவும் எங்கள் கிராமத்துச் சிக்னலில், தாமதம் அதையும் தாண்டும். மகள் அடுத்த அடியைத் தொடங்கும்போது வீட்டார் முந்திய அடியில் இழுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் தேவாரத்தை அவளுக்கே விட்டுவிட்டோம். அவள் தனியே பாடுவாள். நாங்கள் கைகூப்பிக் கேட்போம்.

உங்களுக்கு நான் சொல்லவேண்டிய முக்கியமான விஷயமும் இதுதான். தூரத்துப் பிள்ளைக்குப் பண்டிகையில் ஒரு வேலை கொடுங்கள். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிற பிள்ளைக்குத் தான் அங்கே இல்லை என்பதுதான் கூடுதலாகத் தெரியும். எங்கள் முற்றத்துக் கோலம் இப்போது மெல்பேர்ணிலிருந்து வருகிறது. மகள் தாளில் கீறிப் படம் பிடித்து முதல்நாள் பின்னேரமே அனுப்புவாள், மகன் மாவில் போடுவான். இழை பிசகினால் அவனுக்குப் பேச்சு விழும். பட்டிப்பொங்கலுக்கு எந்தக் கன்றுக்கு எந்த மாலை என்று சொல்வதும் அவள்தான். இதற்கெல்லாம் வேகமான இணைப்புத் தேவையில்லை. உங்கள் செயலி முதலில் கேட்கவேண்டிய கேள்வி "யாரை அழைக்க?" என்பதல்ல, "இந்த முறை யாருக்கு என்ன வேலை?" என்பது.

போனை யார் பிடிப்பது என்பதற்கு ஒரு பழைய ஆய்வைத் தேடி வாசியுங்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், தூரத்தில் வாழும் உறவினர்களின் வீடுகளில் எளிய கருவிகளை வைத்துவிட்டு, குடும்பங்கள் அவற்றை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று பார்த்தார்கள். ஒரு கருவியில் சின்னக் கமராவும் திரையும் இருந்தன. முன்னால் உள்ள காட்சி மூன்று விநாடி அசையாமல் இருந்தால் அது தானாகவே படம் எடுத்து மற்ற வீட்டுக்கு அனுப்பும். பொத்தான் அழுத்தத் தேவையில்லை. மாவும் சாம்பலும் பட்ட கையோடு நிற்கும் எங்கள் அம்மாமாருக்கு இதைவிடப் பொருத்தமான யோசனையை நான் இதுவரை காணவில்லை. ஆனால் எந்நேரமும் திறந்திருக்கும் கமரா வேண்டாம். வன்னி வீடுகளில் கிணற்றடியும் குசினியும் முற்றத்தோடு சேர்ந்தவை. பெண்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற வழியில் கமரா விழித்திருந்தால் அந்தக் கருவி அடுத்த நாளே அலுமாரிக்குள் போய்விடும். போகவும்தான் வேண்டும்.

நாள் குறிக்கிற வேலையை நீங்கள் எடுக்காதீர்கள். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் சில வருடங்களில் நாளோ நேரமோ வேறுபடும். எங்கள் ஊர்க் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதுதான் எங்களுக்குக் கணக்கு. நாளை வீட்டார் குறிக்கட்டும், செயலி அதைப் பிள்ளையின் ஊர் நேரத்துக்கு மாற்றிச் சொல்லட்டும். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல் போன்ற பெருங்கூட்டத்தில் எல்லோருடைய போனும் ஒரே சிக்னல் கோபுரத்தில் தொங்குவதால் நேரடி அழைப்பு இழுபடும். அந்தக் கோயிலில் கடல்நீரில் எரியும் விளக்கைக் கண்ட கண்ணோடு அம்மா பேசுகிற ஒரு நிமிடக் குரலைப் போனில் பத்திரமாக வைத்து, சிக்னல் கிடைத்ததும் தானாக அனுப்பினால் போதும்.

ஒரு வரி நிரல் எழுதுமுன் மூன்று நான்கு வீடுகளில் பண்டிகை முடியும்வரை இருந்து பாருங்கள். ஒரு கத்தோலிக்க வீட்டையும் சேருங்கள். பாலன் பிறப்பின் நள்ளிரவுப் பூசைக்குத் தேவையானது வேறு.

கேள்வி: மகன் மாத்தறையில் கம்பஸ். பொங்கலுக்கு ஒருநாள் லீவில் வந்துபோக ஏலாது. வீடியோ எடுத்தால் படம் உறைஞ்சு நிக்குது. டேற்றாவும் முடியுது. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், முழங்காவில்

பதில்: தங்கச்சி, வட்ஸ்அப் செட்டிங்ஸில் அழைப்புக்குக் குறைந்த டேற்றா பாவிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு அதைப் போட்டுவிடுங்கள். வீடியோ அழைப்பு நிமிடத்துக்குப் பல மெகாபைட் தின்னும். ஒரு நிமிடக் குரல் பதிவுக்கு அதில் சிறு துண்டுதான் போகும். ஆகவே பால் பொங்கும் அந்தச் சில நிமிடத்துக்கு மட்டும் வீடியோ எடுங்கள். போனைப் பானைக்குக் கிழக்கே ஒரு மரத்திலோ கதிரையிலோ கட்டி, மேற்கே பார்க்கவிடுங்கள். உங்கள் முகத்தில் வெயில் விழும், மகனுக்கு நன்றாகத் தெரியும். மேற்கே நின்று எடுத்தால் சூரியன் கமராவுக்குள் இறங்கி எல்லோரும் நிழலாகிப் போவீர்கள். மாரி மழைக்குக் கரண்ட் போகலாம், முதல்நாள் இரவே சார்ஜ் ஏற்றுங்கள்.

காலபோகத்தில் முந்தி வெட்டிய புது அரிசி கொஞ்சம் கிடைத்தால், வறுத்த பயறும் சர்க்கரையும் சேர்த்துப் போகிற பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். விடுதியில் அவனும் கூட்டாளிமாரும் ஒரு பானை வைக்கட்டும். நீங்கள் எவ்வளவு தண்ணீர், எப்போது அரிசி என்று இங்கிருந்து குரல் கொடுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் படிக்கிறேன். பண்டிகை நாளில் வீட்டுக்கு எடுத்தால் அழுகை வந்துவிடும். அம்மாவும் அழுவா. அதனால் நான் எடுப்பதே இல்லை. இது பிழையா ரீச்சர்?
— புதுக்குடியிருப்புப் பிள்ளை

பதில்: பிழை இல்லை, பிள்ளை. ஆனால் அம்மா அன்றைக்கு முழுக்கப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருப்பா. முகம் பார்ப்பது கஷ்டமென்றால் குரல் மட்டும் அனுப்புங்கள். அதை அவ திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். இங்கே ஆறரை என்றால் உங்களுக்கு முதல்நாள் இரவு எட்டு மணி. அதற்கு முன்னரே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: கும்பத்துக்கு எந்தப் பூ, யாருக்கு முதல் படையல் என்று எதுவானாலும் சரி. வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு ஓடும். நடுவில் அழுகை வந்தால் வரட்டும், அம்மாவிடம்தானே. அழைப்பை மட்டும் வெட்டாதீர்கள்.