இல்லாதவரிடம் பட்ட கடன்

அன்புள்ள ஐயா,

வளங்குன்றா வளர்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையில் ‘பிறக்கப்போகும் தலைமுறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்’ என்று ஒரு வரி வருகிறது. எனக்கு அங்கேதான் இடறுகிறது. கொடுத்தவர் இருந்தால்தானே கடன்? இன்னும் பிறக்காதவர் நமக்கு எதைக் கொடுத்தார்? அதோடு, எடுத்துக்கொண்டதை மட்டும் எழுதிவைத்து, விட்டுச்செல்வதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம். எனக்கு முந்தைய தலைமுறைகள் நிலக்கரியை எரித்தன. பதிலுக்கு மின்சாரமும் மருத்துவமும் எனக்குக் கிடைத்தன. நான் அவர்கள்மேல் வழக்குப் போடப்போவதில்லை. என் பேரன் மட்டும் என்மேல் ஏன் போட வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘கடன்’ சரியான சொல் இல்லைதான். எழுதும்போது கை பழக்கத்தில் அங்கே போய்விட்டது. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இந்தச் சிக்கல் நீங்கள் சொன்னதைவிடவும் மோசமானது. டெரக் பார்ஃபிட் என்ற தத்துவவாதி 1984இல் வெளியிட்ட நூலில் அதை இப்படிக் காட்டினார். இன்று ஒரு சமூகம் எடுக்கும் பெரிய முடிவு, யார் எங்கே வேலைக்குப் போகிறார், யாரைச் சந்திக்கிறார், எப்போது பிள்ளை பெறுகிறார் என்பதையெல்லாம் மாற்றிவிடும். சில தலைமுறை போனால் இருக்கும் ஆட்களே வேறு. நாம் சிக்கனமாக வாழ்ந்திருந்தால், நம்மைத் திட்டப்போகும் அந்த மனிதர் பிறந்தே இருக்கமாட்டார். அப்புறம் ‘என்னைக் கெடுத்துவிட்டீர்கள்’ என்று அவர் எப்படிச் சொல்வார்? பார்ஃபிட்டுக்கே இதற்குத் திருப்தியான விடை அகப்படவில்லை.

ஆனால் அதே நூலில் போகிறபோக்கில் ஒரு சின்ன உதாரணம் சொல்கிறார். காட்டுப் புதருக்குள் ஒருவர் உடைந்த கண்ணாடியைப் போட்டுவிட்டுப் போகிறார். நூறு ஆண்டு கழித்து அது ஒரு குழந்தையைக் காயப்படுத்துகிறது. போட்ட அன்று அந்தக் குழந்தை பிறக்கவில்லை என்பது ஒரு சமாதானமா? அந்தக் குழந்தையிடம் நாம் எதுவும் வாங்கவில்லை, அதன் பெயரும் தெரியாது. அந்த வழியில் யாரோ வருவார்கள் என்று தெரிந்தால் போதும், கண்ணாடியை அங்கே போடக் கூடாது.

பொருளாதாரக் கணக்கில் இந்தக் குழந்தைக்கு என்ன ஆகிறது தெரியுமா? எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று தள்ளுபடி செய்வார்கள். 5 சதவீதம் என்று வைத்தால், நூறாண்டு கழித்து வரும் நூறு பங்கு இழப்பு இன்று ஒரு பங்குக்கும் குறைவு. 1.4 சதவீதம் என்றால் சுமார் 25 பங்கு. காலநிலை மாற்றம் பற்றிய 2006ஆம் ஆண்டின் ஸ்டெர்ன் அறிக்கை ஏறக்குறைய அந்தக் குறைந்த விகிதத்தை எடுத்துக்கொண்டு, உடனே செயல்பட வேண்டும் என்றது. இவ்வளவு குறைத்தது தவறு என்று பொருளாதார அறிஞர் வில்லியம் நார்ட்ஹாஸ் எதிர்த்தார். நாளைய மனிதர்கள் நம்மைவிடப் பணக்காரர்களாக இருப்பார்கள், அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்யலாம் என்பது வரை நானும் ஒப்புக்கொள்வேன். பின்னால் வருகிறார் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி செய்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அது கற்பனை வறுமையிலிருந்து வருவது என்று ஃபிராங்க் ராம்சே என்ற கணித அறிஞர் 1928இலேயே சொல்லிவிட்டார்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி: விட்டுச்செல்வதை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை? இதில் உங்கள் பக்கம் வலுவான சான்று ஒன்று இருக்கிறது, நானே எடுத்துத் தருகிறேன். காட்டில் மரம் வெட்டுவதும் வளர்வதும் ஈடாக இருக்க வேண்டும் என்று 1713இல் நூல் எழுதியவர் ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ். ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாக அதிகாரி. தாது உருக்கும் உலைகளுக்கு விறகு போதாமல் போய்விடும் என்பதே அவருடைய கவலை. பிறகு என்ன ஆயிற்று? நிலக்கரி வந்து விறகின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று வரும், ஆகவே குறிப்பிட்ட எந்தப் பொருளையும் அப்படியே விட்டுச்செல்ல வேண்டியதில்லை, வாழும் திறன் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ வாதிட்டதும் இந்த வழியில்தான்.

நவ்ரு அந்த வாதத்தை அப்படியே நம்பியது போல நடந்துகொண்ட நாடு. பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. மண்ணில் உரம் செய்ய உதவும் பாஸ்பேட். 1968இல் விடுதலை பெற்றபின், 1970களில் தலைக்கு அதன் அளவுக்கு வருமானம் உள்ள நாடுகள் உலகத்திலேயே சிலதான். தோண்டியது ஒருநாள் தீரும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் ஒரு அறக்கட்டளை வைத்து வருமானத்தில் ஒரு பகுதியை வெளிநாடுகளில் முதலீடு செய்தார்கள். பாடநூல் சொல்வதும் அதுதான்: மண்ணைக் கொடுத்து மூலதனம் வாங்கு. நிர்வாகம் கெட்டது, கடன் ஏறியது, மெல்போர்னில் கட்டிய பெரிய கட்டடத்தை 2004இல் விற்க வேண்டியதாயிற்று. தீவின் நடுப்பகுதியில் கூரான சுண்ணாம்புப் பாறைகள் மட்டும் நிற்கின்றன. அங்கே விதைக்கவும் முடியாது, வீடு கட்டுவதும் லேசில்லை. பணத்தைக் கெட்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பீர்கள். இருக்கலாம். ஆனால் பணம் கெட்டிக்காரர்கள் கையில் இருக்கும் வரைதான் பணம். மண்ணுக்கு அந்த நிபந்தனை கிடையாது.

நிலக்கரிக்கு வருவோம். மின்சாரமும் மருத்துவமும் கிடைத்தன என்கிறீர்கள், உண்மை. கூடவே புகையும் கிடைத்தது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு, இப்போது 420க்கு மேல். வெளியேறியதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே இருக்கும். நன்மையைத் தலைமுறைதோறும் உழைத்துப் புதுப்பிக்க வேண்டும். புகைக்கு அந்தச் சிரமம் இல்லை, தானே இருந்துகொள்ளும். கண்ணாடித் துண்டு என்று நான் சொல்வது அதைத்தான். முன்னோர்மேல் எனக்கும் கோபமில்லை, அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

வழக்கு பற்றிக் கேட்டீர்களே, அது ஏற்கெனவே நடந்துவிட்டது. ஜெர்மனியின் 2019ஆம் ஆண்டுக் காலநிலைச் சட்டம் 2030க்குப் பிறகு என்ன என்று சரியாகச் சொல்லவில்லை. சுமையைப் பின்னால் தள்ளுவது பின்னால் வாழ்பவர்களின் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்று 2021இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, சில மாதங்களில் சட்டமும் திருத்தப்பட்டது. வழக்குப் போட்டவர்களில் பலர் இளைஞர்கள். பிறக்காதவர்கள் யாரும் வர வேண்டியிருக்கவில்லை.